புயலுக்கு நான்கெல்லை

எங்கள் வட்டாரத்தில் புயல் என்று காதில் விழுந்தால் முதலில் கேட்பது, "இங்கன திரும்புமா?" என்றுதான். அந்தக் கேள்வியில் பயம் இருக்காது, ஆசை இருக்கும். கடலோரத்துக்காரர்கள் தங்கள் பக்கம் வரவே கூடாது என்று கும்பிடுகிற புயலை, கரையைக் கடந்து பலம் குறைந்து வெறும் மேகமாக எங்கள் கரிசல் காட்டுக்கு மேலே வந்து நின்று பெய்துவிட்டுப் போ என்று நாங்கள் கும்பிடுவோம். கோவில்பட்டிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற தூரம் அப்படி. புயல் தன் கெடுதலையெல்லாம் வழியிலேயே இறக்கி வைத்துவிடும். நல்லது மட்டும் எங்களுக்கு வந்து சேரும். வராமல் போகிற வருஷங்களே அதிகம் என்பது வேறு விஷயம்.

ஆகவே, எங்கள் மகள் இருக்கும் தீவை நோக்கி ஒரு பெரிய புயல் போகிறது என்று என் மனைவி தன் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னபோது, பசுவந்தனைக்கு அப்பால் மானாவாரி விவசாயம் பார்க்கும் அந்த மனிதர், "நல்லதுதான தாயி, அங்கயும் ஆனி மாசம் காஞ்சுதான கெடக்கும்" என்றார். என் மனைவி போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சானுக்குப் புயலைப் பற்றி விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் புயல் மேகமாக வரப்போவதில்லை, புயலாகவே வரப்போகிறது, அந்தத் தீவுக்கு நான்கு பக்கமும் கடல்தான், பலம் குறைய அதற்கு வழியில் நிலமே கிடையாது என்று சொன்னேன். "அப்ப எம் மருமவ எங்க போயி ஒதுங்குவா?" என்று கேட்டார். அது குறித்து நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்ற தோரணையில் ஏதோ சொல்லி வைத்தேன். பழக்கதோஷம்.

நான் வருவாய்த் துறையில் கடைசிவரை இருந்து ஓய்வு பெற்றவன். புயல் என்பது எனக்கு முதலில் ஒரு கோப்பாகத்தான் அறிமுகம். ஒவ்வொரு செப்டம்பரிலும் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் நடக்கும். அதற்கு முன்பே படிவம் வந்துவிடும். மணல் மூட்டைகள் எத்தனை, மரம் அறுக்கும் எந்திரங்கள் எத்தனை, படகுகள் எத்தனை. எங்கள் வட்டத்தில் கடல் இல்லை. ஆறு என்று கூசாமல் சொல்லிக்கொள்ளும்படியான ஆறும் இல்லை. படகுக்கு நேரே "இன்மை" என்று எழுதி அனுப்புவேன். மறு வருஷம் அதே கேள்வி வரும், அதே இன்மையை அனுப்புவேன். அனுப்பாமல் விட்டால்தான் வம்பு, விளக்கம் கேட்டு மேலிருந்து கடிதம் வரும். அரசாங்கத்தில் ஒன்றுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாத வரைக்கும் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் கணக்கு. அதற்கு இன்மை அறிக்கை என்று பெயர்.

என் உத்தியோகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே விதி அதுதான். மகள் மருத்துவம் படிக்க விடுதிக்குப் போன காலத்தில், பேசுவதற்கு ஒன்றுமில்லை என்றாலும் ஒரு தகவல் அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவளும் "இன்மை" என்று ஒற்றை வார்த்தை அனுப்பத் தொடங்கினாள். முதலில் கேலிக்குத்தான் அனுப்பினாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பேருந்து பிடித்தால் இன்மை, விமானம் இறங்கினால் இன்மை. அவள் இப்போது அமெரிக்கக் கண்டத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய தீவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியை. நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கப் போகிறார்கள், அவர்களுக்குப் பாடம் நடத்த இவள் போயிருக்கிறாள். தீவுக்கு ஒரு புனிதரின் பெயர். தூத்துக்குடியில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் எந்தத் தெருவில் இருக்கிற பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள்.

அங்கே வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றே நான் அந்தக் கடலின் புயல்களைப் படித்து முடித்துவிட்டேன். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை அவர்களுக்குப் புயல் காலம். ஆனால் ஜூனும் ஜூலையும் பெயருக்குத்தான். பெரிய புயல்கள் எல்லாம் ஆகஸ்டுக்குப் பிறகுதான் வரும். கடல் அப்போதுதான் போதுமான அளவு சூடாகியிருக்கும். இதை வைத்து அவளுடைய விடுப்பையும் நானே திட்டமிட்டேன். வைகாசியில் குலதெய்வக் கோயில் கொடைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம், ஆகஸ்ட் பாதியில் கிளம்பி வா, மோசமான வாரங்களை இங்கே இருந்து கழித்துவிட்டுப் போகலாம் என்றேன். கொடைக்கு அவள் வரவில்லை என்று என் மனைவிக்கு வருத்தம். பாதுகாப்பு கருதி எடுத்த முடிவு என்று சமாதானம் சொன்னேன்.

அந்தப் புயல் ஜூன் முடிவதற்குள்ளேயே உருவாகிவிட்டது. சாதாரணத் தாழ்வு நிலையாகக் கிளம்பியது, அடுத்தடுத்த நாள் பார்க்கும்போது அசுரனாக நின்றது. ஜூன் மாதத்தில் அவ்வளவு பலத்தோடு ஒரு புயல் அங்கே பதிவானதே இல்லை என்றார்கள். செப்டம்பரில் இருக்க வேண்டிய சூடு கடலில் அப்போதே இருந்ததாம். நான் கணினியின் முன்னால் உட்கார்ந்து அந்த வெள்ளைச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கண் மாதிரி ஒரு குழி. எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, ஒருவிதமான ஆத்திரம். இன்னும் கூட்டமே நடக்கவில்லை, அதற்குள் எப்படி வரலாம் என்ற ஆத்திரம்.

என் மனைவி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். "ஆகஸ்ட்ல வா, ஆகஸ்ட்ல வான்னு நீங்கதான அவளுக்கு நாள் குறிச்சுக் குடுத்திய. இப்ப அதுகிட்டயும் சொல்லுங்க, ரெண்டு மாசம் கழிச்சு வான்னு" என்றாள். பதில் சொல்ல இடமில்லாத வாக்கியங்களை மட்டும் பேசுவது அவளுடைய தனித்திறமை.

மகளோடு பேசினோம். வாளி, பாத்திரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள், மெழுகுவத்தி இருக்கிறது, டின்னில் அடைத்த மீனாக வாங்கிக் குவித்திருக்கிறாள். நான் வரிசையாகக் கேள்வி கேட்டேன். வீட்டின் கூரை என்ன வகை, தரைமட்டம் என்ன, கல்லூரிக் கட்டடம் எவ்வளவு தூரம், அங்கே எப்போது போகிறாய். "அப்பா, இது ஆய்வுக் கூட்டமா?" என்று கேட்டாள். கூரை தகரம். வீடு மலைச்சரிவில். கல்லூரி கான்கிரீட் கட்டடம், பக்கத்தில்தான், எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் உடனே போ என்றேன். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மாள் இருக்கிறாள், முழங்கால் சரியில்லை, வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள், அவளைப் பேசிச் சம்மதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். சம்மதிக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். இணைப்பு சரியாக இல்லாதது போல அவள் பேச்சை மாற்றினாள். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

வெளியேற மறுப்பவர்களை என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் நடைமுறை உண்டு. முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும், பிறகு கட்டாயமாக வெளியேற்ற வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி எந்த விதியிலும் இல்லை, அதாவது மறுப்பவரோடு கூடவே உட்கார்ந்துகொள்வது. என் மகள் அதைத்தான் செய்யப் போகிறாள் என்பது எனக்கும் தெரிந்தது, என் மனைவிக்கும் தெரிந்தது.

அதே சமயத்தில்தான் நம் கிரிக்கெட் அணி பக்கத்துத் தீவில் உலகக் கோப்பையை வென்றிருந்தது. அந்தப் புயலால் ஊர் திரும்ப முடியாமல் அணியும் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அதனால் எங்கள் தெருவில் திடீரென்று எல்லாருக்கும் அட்லாண்டிக் கடலின் மீது அக்கறை பிறந்தது. டீக்கடையில் புயலின் பாதையை அலசினார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தனி விமானம் போகும் என்றார் ஒருவர். எதிர்வீட்டு அண்ணாச்சி மட்டும் என் மகளைப் பற்றிக் கேட்டார். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். என் மனைவி மறுநாள் காலையில் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளப் போகிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார்.

"சார், மழை வேண்டாம்னு சாமிகிட்ட கேக்கணும்னா எங்கள மாதிரி ஆளக் கூட்டிட்டுப் போகணும். ஐப்பசி கார்த்திகையில குச்சி காயணும்னு வருசாவருசம் கேக்கோம். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிப் போச்சு."

நான் அதை அதுவரை யோசித்ததில்லை. ஒரே வட்டத்துக்குள் டவுனிலிருந்து மழை வேண்டாம் என்று ஒரு மனு, கிராமத்திலிருந்து மழை வேண்டும் என்று ஒரு மனு, இரண்டும் ஒரே மேசைக்கு. எந்த முடிவும் எடுக்காமல் இரண்டையும் நிலுவையில் வைத்துக்கொண்டு எங்கள் தெய்வங்கள் இத்தனை காலம் நிர்வாகம் நடத்தியிருக்கின்றன. ஒரு பழைய ஊழியன் என்ற முறையில் எனக்கு மரியாதை கூடியது.

காலையில் காரில் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஆனிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஆனிக் காற்றில் புழுதி இருக்கும், சூடு இருக்கும், ஒரு சொட்டு ஈரம் இருக்காது. காற்றாலைகள் ஒன்றுவிடாமல் வேகமாகச் சுற்றின. காட்டில் கோடை உழவு போட்டுக் கறுப்புக் கட்டியாகக் கிடந்தது. காரை நிறுத்தி இறங்கியபோது என் மனைவியின் சேலைத் தலைப்பைக் காற்று பிடுங்கியது. அவள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எதை நினைத்தாள் என்று கேட்கவில்லை. எனக்கும் அதே நினைப்புதான்.

மச்சான் முன்கூட்டியே வந்து காத்திருந்தார். பூசாரியும் இருந்தார். பூசாரி என்றால் முழுநேரப் பூசாரி அல்ல. மச்சானுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர், உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். என் மனைவி மாலையை நீட்டி, அந்தப் புயல் வேண்டாம் என்று ஆத்தாளிடம் கேட்டுச் சொல்லுங்கள், பிள்ளை நல்லபடியாக இருந்தால் பொங்கல் வைத்துச் சேலை சாத்துகிறேன் என்றாள்.

பூசாரி மாலையை வாங்கவில்லை.

"மழை வேணும்னு கேக்கத் தெரியும் தாயி. புயல் வேண்டாம்னு இந்த வாசல்ல நின்னு யாரும் கேட்டதில்ல. எங்கய்யா காலத்துலயும் கேட்டதில்ல. நான் பாட்டுக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தையச் சொல்லிட்டா, எது வேண்டாம், எங்க வேண்டாம்னு அவ யாருகிட்ட போயிக் கேப்பா? புரட்டாசியில நாங்க வெதைக்க வேண்டாமா?"

எங்கள் ஊரில் நிலம் நனைந்த பிறகு விதைப்பதில்லை. மழை வரும் என்று நம்பிப் புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டு மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். மழை பிந்தினால் எறும்புக்கும் குருவிக்கும் போகும். அந்த மழையைக் கொண்டுவருவது பெரும்பாலும் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு நிலைதான், அதாவது புயலின் சொந்தக்காரன். ஆகவே பூசாரியின் ஆட்சேபணை நியாயமானது. சம்பந்தப்பட்ட துறைகளைக் கலந்தாலோசிக்காமல் உத்தரவு கேட்கக் கூடாது என்கிறார். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என் மனைவி அண்ணனைப் பார்த்தாள். மச்சான் தரையைப் பார்த்தார். "எம் மருமவளும் வேணும், மழையும் வேணும். நான் என்னத்தச் சொல்ல" என்று முணுமுணுத்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க எத்தன நிலத்துக்கு எல்லை பாத்திருக்கிய. இதுக்கும் நான்கெல்லை சொல்லிருங்க. எந்தக் கடல், எந்தப் பக்கம்னு வெவரமாச் சொன்னா, பூசாரி அத அப்படியே ஆத்தாகிட்ட சொல்லிருவாரு. நம்ம கடலுக்கு வில்லங்கம் வராது."

பூசாரி யோசித்துவிட்டு, "அப்படின்னா சொல்லலாம்" என்றார்.

நான்கெல்லை இல்லாத மனுவை நான் பணிக்காலம் முழுவதும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாமி கும்பிடுவதில் எனக்குப் பெரிய ஈடுபாடும் கிடையாது. கொடைக்கு வந்தால் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்தல் சரியாகக் கட்டவில்லை என்று குறை சொல்கிற ஆள். அன்றைக்கு அந்த வாசலில் நின்று செல்போனில் வரைபடத்தைத் திறந்து, வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, எல்லை சொல்லத் தொடங்கினேன். கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடல். மேற்கே கரீபியன் கடல். வடக்கே இன்னொரு தீவு. தெற்கே சின்னச் சின்னத் தீவுகள். இதற்கு உட்பட்ட இடத்தில் மட்டும், இப்போது வருகிற புயல் மட்டும்.

பூசாரி ஒவ்வொன்றாக வாங்கிச் சொன்னார். அட்லாண்டிக் அவர் வாயில் அட்டலாண்டி ஆயிற்று. அதைப் பற்றி ஆத்தாளுக்கு ஆட்சேபம் இருக்கும் என்று தோன்றவில்லை. கரீபியன் வந்ததும் நின்று, "அது கடலா, ஊரா?" என்று கேட்டுத் தெளிந்துகொண்டு தொடர்ந்தார். முடித்ததும் மச்சான் விடவில்லை. நம் கடல் இதில் சேராது என்பதைத் தனியாகச் சொல்லச் சொன்னார். வங்காள விரிகுடா என்று நான் எடுத்துக் கொடுத்தேன். "நம்ம கடல்னு சொன்னாப் போதும், அவளுக்குத் தெரியும்" என்றார் பூசாரி. நம்ம கடல் இதில் சேராது தாயே என்று சொன்னார். மச்சான் போதாது என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

இத்தனைக்கும் என் மனைவி கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கு எல்லையெல்லாம் தேவைப்படவில்லை. நான் கை கூப்பாமல்தான் நின்றேன் என்று இங்கே எழுத ஆசைதான். கூப்பிக்கொண்டுதான் நின்றேன், செல்போனை நடுவில் வைத்து.

மகளின் தீவில் காலை என்றால் நமக்குச் சாயங்காலம். அன்று அங்கே புயல் வந்துவிட்டது. மகளிடமிருந்து கடைசியாக வந்த தகவல், அந்தம்மாள் வரச் சம்மதிக்கவில்லை என்பது. அதற்குப் பிறகு போன் போகவில்லை. கல்லூரி எண்ணுக்கும் போகவில்லை. கோபுரங்கள் விழுந்திருக்கும், மின்சாரம் போயிருக்கும், இது எதிர்பார்க்கப்பட்டதுதான், தகவல் தொடர்பு துண்டிக்கப்படுவதாலேயே உயிர்ச்சேதம் என்று பொருளாகாது என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஏன் பதில் பேசாமல் போனை வைத்தார்கள் என்று இப்போது விளங்கியது.

வரைபடத்தில் புயலின் கண் மகளின் தீவுக்குத் தெற்கே போயிற்று. கொஞ்சம்தான் தெற்கே. நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகு அந்தத் தெற்கில் என்ன இருக்கிறது என்று நினைவு வந்து மறுபடியும் நிமிர்ந்தேன். தெற்கெல்லை என்று நான் சொன்ன சின்னச் சின்னத் தீவுகள்.

அடுத்து வந்த பொழுதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மச்சான் போன் செய்துகொண்டே இருந்தார், எதுவும் கேட்காமல், காட்டில் கொக்கிக் கலப்பை ஓட்டுகிறேன், ஆடு ஒன்று குட்டி போட்டிருக்கிறது என்று தன் செய்திகளைச் சொல்லி வைத்துவிடுவார். எதிர்வீட்டு அண்ணாச்சி, ஆட்டக்காரர்களைக் கூட்டிவரப் போகிற விமானத்தில் இடம் இருந்தால் நம் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளச் சொல்ல முடியுமா, நீங்கள் யாருக்காவது மனுப் போடலாமே என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். நான் உண்மையாகவே யோசித்தேன்.

பிறகு ஒரு காலையில், தெரியாத எண்ணிலிருந்து, அந்த ஒற்றை வார்த்தை வந்தது. இன்மை.

அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி மாவுக் கையோடு போனை வாங்கிப் பார்த்தாள். "முழு இன்மையா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் அல்லவா. கிராமத்திலிருந்து வரும் இன்மை அறிக்கைகளை நான் எப்படிப் படிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். வயலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், சேதம் இன்மை என்று எழுதி வரும். நேரில் போய்ப் பார்க்காமல் ஒன்றைக்கூட நான் ஏற்றுக்கொண்டதில்லை. இதை ஏற்றுக்கொண்டேன். முழு இன்மைதான் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்தபோது திரை முழுவதும் மாவு. அதைத் துடைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் செருப்பில்லாமல் வாசலில் நின்றேன். எதிர்வீட்டு அண்ணாச்சி பார்த்துவிட்டு, கையை மேலே தூக்கிக் கும்பிட்டார்.

குரல் கேட்கச் சில நாட்கள் ஆயின. கேட்டபோதுதான் விவரம் வந்தது. வீட்டுக்கார அம்மாள் வரவில்லை, இவளும் போகவில்லை. இரண்டு பேரும் கீழ்வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து, தலைக்கு மேலே மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாடியில் கூரையில் பாதி போய்விட்டது.

"இன்மைன்னு அனுப்பியிருந்தியே?" என்றேன்.

"ஆள் சேதம் இன்மைதானப்பா. கூரைக்குப் படிவத்துல தனிக் கலம் உண்டுல்லா?"

என்னிடமே கற்றுக்கொண்டு என்னிடமே சொல்கிறாள். நான் சிரித்தேன். மனைவி போனைப் பிடுங்கி, கூரை போனால் போகட்டும், மெத்தை ஈரமாக இருக்குமே, எதில் படுக்கிறாய் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

மகள் மறுபடி என்னிடம் வந்தபோது குரல் தணிந்திருந்தது. தெற்கே இருக்கும் சின்னத் தீவுகளில் கூரையுள்ள வீடே அநேகமாக இல்லை என்றாள். படகில் மருத்துவக் குழு போகிறது, அவளும் போகிறாள். அந்தப் புயல் அதன்பிறகு இன்னும் பெருத்து, புயலின் பலத்துக்கு அங்கே அவர்கள் வைத்திருக்கும் ஐந்து எண்களில் கடைசி எண்ணையே தொட்டது. வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் எதுவும் அந்த எண்ணைத் தொட்டதில்லையாம். நான் கோயிலில் நான்கெல்லை சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. என் வார்த்தையைக் கேட்டுப் புயல் நகர்ந்தது என்று நம்பும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் தெற்கே என்று நான் கையை நீட்டியது நினைவில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதும் யாரோ ஒருவருடைய இடம்தான் என்பது, எல்லை அளந்தே பிழைத்த எனக்கு, அதற்கு முன் உறைத்ததில்லை.

ஆகஸ்டில் அவள் வரவில்லை. வேலை முடியவில்லை என்றாள். புரட்டாசி பிறந்த பிறகுதான் வந்தாள், மெலிந்து, கறுத்து. நேர்த்திக்கடனுக்குக் கோயிலுக்குப் போனோம். மச்சான் காட்டில் அதற்குள் விதைப்பு முடிந்திருந்தது. உளுந்து காய்ந்த மண்ணுக்குள் கிடந்தது. வானத்தில் ஒன்றுமில்லை. மச்சான் பேச்சுக்கு நடுவே மேலே பார்ப்பார், பார்க்காதது போல இருப்பார்.

பொங்கல் பொங்கியது, சேலை சாத்தியாயிற்று. நான்கெல்லை சொன்ன கதையைப் பூசாரியே மகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார், அட்டலாண்டி உட்பட. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் என்னைப் பார்த்து, தெற்கெல்லை என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அந்தத் தீவுகளில் அவள் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பூசாரியிடம் போய், அந்தச் சனங்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள். இனி அப்படி ஒன்று யாருக்கும் வேண்டாம் என்று. பூசாரி வழக்கப்படி எல்லை கேட்டார். "எல்லை வேண்டாம் மாமா, பொதுவாச் சொல்லுங்க" என்றாள்.

பூசாரி மச்சானைப் பார்த்தார். இரண்டு பேருடைய விதையும் மண்ணுக்குள்தான் கிடந்தது. என் மனைவி, "ஏட்டி, சும்மா இரி" என்று மகளின் கையைப் பிடித்தாள். விதிகளின்படி பார்த்தால் திருப்பி அனுப்ப வேண்டிய மனு.

மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லுங்க பூசாரி, எல்லாத்துக்கும் சேத்தே சொல்லுங்க. புள்ளையக் காப்பாத்திக் குடுத்தவளுக்கு, எத நிறுத்தணும் எத விடணும்னு தெரியாதா" என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய்க் காரின் நிழலில் நின்றுகொண்டார். பூசாரி சொன்னார். எல்லை இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அந்த மாதம் முழுவதும் நான் வானிலை அறிக்கையை வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எங்கள் கடலை. மச்சானிடம் போனில் பேசும்போது மழை என்ற சொல்லைத் தவிர்த்தேன். அவரும் தவிர்த்தார். ஆட்டுக்குட்டி எப்படியிருக்கிறது என்று கேட்பேன். ஆட்டுக்குட்டியைப் பற்றி நாங்கள் அவ்வளவு பேசியிருக்கவே வேண்டியதில்லை.

மகள் திரும்பிப் போகும் நாளில் மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கோவில்பட்டிக்குள் நுழையும்போது எதிர்வீட்டு அண்ணாச்சியின் ஆட்கள் காயப்போட்ட தீக்குச்சியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், நீங்க கேட்டதா இது?" என்றார். முதல் சொட்டு கார்க் கண்ணாடியில் விழுந்தது. வைப்பரைப் போடவில்லை. என் மனைவியும் போடச் சொல்லவில்லை.

மச்சான் போன் செய்தார். நல்ல மழை, நின்று பெய்கிறது, காடு குடிக்கிறது என்றார். பிறகு, எல்லை இல்லாமல் கேட்டதற்கு ஆத்தாள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை பாருங்கள் என்றார். நான்கெல்லை இல்லாத ஒரு மனு இவ்வளவு சுத்தமாகப் பைசலானதை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை என்றேன். மகள் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டார். இனிமேல்தான் சேர வேண்டும், சேர்ந்ததும் தகவல் வரும் என்றேன்.

வந்தது. கூரையைப் போட்டுவிட்டார்களாம், புதுத் தகரம். அந்தப் புயல் வருஷத்தில் இன்னும் சில வாரங்கள் பாக்கியிருந்தன. கீழே வழக்கமான அந்த ஒற்றை வார்த்தை. நேரில் போய்ச் சரிபார்க்க வழியில்லை. மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழு இன்மைதான் என்று இந்தத் தடவை அவளே சொன்னாள்.